மூட்டைகளுக்குப் பின்னால்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஆலங்கரை அரசு மேல்நிலைப் பள்ளியின் மைதானம் குளமாகிவிடும். பக்கத்து வாய்க்கால் நிரம்பி வழிந்து வருகிற தண்ணீர் என்பதால் அதில் கெண்டைக் குஞ்சுகள்கூடத் துள்ளும். கார்த்திகை போய்த் தண்ணீர் வடிந்து மண் இறுகுவதற்குள் தை வந்துவிடும். தையில் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் இடம் போதாமல் நெல்லைக் கொண்டுவந்து மைதானத்தில் கொட்டுவார்கள். மூட்டைகள் லாரியேறிப் போக மாசி கடைசியாகும். பிறகு பரீட்சை. அதன் பிறகு வெயில்.

அம்சம் டீச்சர் அங்கே உடற்கல்வி ஆசிரியையாக வந்த புதிதில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். நெல் வண்டியை மறித்துக்கொண்டு நின்றதுகூட உண்டு. இப்போது அதெல்லாம் இல்லை. மழை நாட்களில் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கணக்கு வாத்தியார் வந்து, "டீச்சர், உங்க பீரியட நான் எடுத்துக்கட்டுமா? போர்ஷன் நிக்குது" என்பார். "எடுத்துக்கங்க சார்" என்று சொல்லிவிடுவார். மழை இல்லாத நாளிலும் அதே கேள்விதான், அதே பதில்தான்.

அவர் பிறந்தது திருப்பனந்தாளுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். அப்பா வீரையனும் அம்மாவும் கூலிக்கு வயலில் இறங்கியவர்கள். அம்சத்தைப் பள்ளிக்கூடத்தில் தக்கவைத்தது கோ-கோ ஆட்டம். துரத்துகிறவர் கைக்குச் சிக்காமல் வளைந்து நெளிந்து ஓடுவதில் அவருக்கு ஈடாக ஆள் கிடையாது. மாவட்ட அணியில் ஆடினார், கல்லூரி அணியில் ஆடினார். மயிலாடுதுறையில் நடந்த ஒரு போட்டியில் திரும்பும்போது வலது முழங்கால் மட்டும் திரும்பாமல் நின்றுவிட்டது. எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார்கள். அது அரைகுறையாகக் கூடியது. உடற்கல்விப் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து, வேலை உத்தரவு வந்தபோது நாற்பதை நெருங்கியிருந்தார். ஓடி முடித்து உட்காருகிற வயதில் பிள்ளைகளை ஓட வைக்கிற வேலை கிடைத்தது.

கணவர் ரெத்தினம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னார், அம்சமும் சொல்லிப் பார்த்தார். மனிதர் டிவி முன்னால் இருந்து நகரமாட்டார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓடச் சொல்கிறவள் வீட்டில் ஒரு ஆளை நடக்க வைக்க முடியவில்லையே என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அம்சம் அதற்கும் பதில் சொல்வதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஐப்பசியில் ஜாஃபர் சாதிக் வந்தார். ஆலங்கரைக்காரர். அதே பள்ளியில் படித்து, ஷார்ஜாவில் கடை வைத்திருக்கிறவர். விடுமுறைக்கு வரும்போது பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தருவது அவர் வழக்கம். அந்தத் தடவை ஒரு பெரிய டிவியும் அதன் மேல் வைக்கிற கேமராப் பெட்டியும் கொண்டுவந்தார். எதிரில் நிற்பவர் கையை வீசினால் டிவிக்குள் இருக்கிற பொம்மையும் கையை வீசும். குதித்தால் குதிக்கும். ஆற்றில் படகு ஓட்டலாம், பந்தை உதைக்கலாம், குத்துச்சண்டை போடலாம்.

"எம்பொண்ணு அங்க ஃப்ளாட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா டீச்சர். இத வாங்கி வச்சதுக்கப்புறந்தான் வேர்வையே பாத்தேன்" என்றார்.

தலைமையாசிரியர் நெடுஞ்செழியனுக்கு ஒரே சந்தோஷம். ஸ்மார்ட் வகுப்பறையில் மேசைகளை ஓரம் தள்ளி டிவியை மாட்டினார்கள். "நீங்கதான் தொடங்கி வைக்கணும்" என்று அம்சம் டீச்சரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். டிவியில் ஒரு பொம்மை தோன்றியது. அவர் கையைத் தூக்கியபோது தூக்கியது. காலை எடுத்து வைத்தபோது மட்டும் அதன் இரண்டு கால்களும் கயிறு போல முறுக்கிக்கொண்டன. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். பொம்மை இடுப்புக்குக் கீழே ஆளே இல்லாமல் ஆடியது.

ஜாஃபர் சாதிக் சங்கடப்பட்டார். "சேலை கட்டியிருந்தா அதுக்குக் காலு தெரியாது டீச்சர்."

"எனக்கே வலிக்கிறப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அம்சம் விலகிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. அன்று எல்லாரும் போன பிறகு தலைமையாசிரியரிடம் கேட்டார்.

"டிவி முன்னால குதிக்கிறதுக்குப் பேரு பி.டி.யா சார்?"

"மழைக்கு மட்டும் வச்சுக்கங்களேன். சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு இது பரவால்லல்ல?"

சும்மா உட்கார்ந்திருப்பதாக அவர் சொன்னது பிள்ளைகளையா தன்னையா என்று அம்சம் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அறைக்குள் அழைத்துப் போனார். நான்கு நான்கு பேராக நிறுத்துவார், மற்றவர்கள் சுவரோரம் காத்திருப்பார்கள். நடுவில் கரண்ட் போகும். வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓடி ஆடுகிற பையன்களுக்கு முதல் வாரம் அது அதிசயம். இரண்டாவது வாரம் அவர்கள் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். குத்துச்சண்டையில் முழுக் கையையும் வீச வேண்டியதில்லை, பெஞ்சில் உட்கார்ந்தபடி மணிக்கட்டைச் சொடுக்கினாலே பொம்மை ஓங்கிக் குத்தும். உட்கார்ந்துகொண்டே எல்லா ரவுண்டும் ஜெயித்தான் ஒருவன். அம்சம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டத் தோன்றவில்லை. அந்தப் பையன்களுக்கு வேண்டியது மைதானம், அது தண்ணீருக்கடியில் கிடக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அவரை யோசிக்க வைத்தவள் இர்ஃபானா.

எட்டாம் வகுப்பு. பருமனான உடம்பு. பி.டி. பீரியட் என்றால் வயிற்று வலி, தலைவலி, கால் வலி என்று ஒன்று மாற்றி ஒன்று சொல்லி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். அங்கே அவளுக்குத் துணையாக எப்போதும் ஏழெட்டுப் பெண்கள் இருப்பார்கள். அம்சம் டீச்சர் ஆரம்பத்தில் ஒவ்வொருத்தியாக எழுப்பிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார். ஓடுகிறவர்களை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுவதே பெரிய பாடாக இருந்தது.

சாரல் உள்ளே அடிக்கிறது என்று கதவையும் ஜன்னலையும் சாத்திய ஒரு மத்தியானம், பெண்கள் முறை வந்தது. இர்ஃபானா கடைசி ஆளாக வந்து நின்றாள். படகு ஆட்டம். சாய வேண்டும், குனிய வேண்டும், பாறை வந்தால் எம்பிக் குதிக்க வேண்டும். முதலில் லேசாகத்தான் குதித்தாள். பிறகு துப்பட்டாவைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, செருப்பை உதறிவிட்டு வந்து நின்றாள். தரை அதிரக் குதித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் களைத்து விலகிய பிறகும் அவள் நகரவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கில் இறங்கி நுனியில் நின்றது. மணி அடித்ததும் திரும்பி, மூச்சு வாங்க, "இன்னொரு ரவுண்டு டீச்சர்" என்றாள்.

அந்தப் பிள்ளை தன்னிடம் எதையாவது கேட்டு அம்சம் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் வேப்பமரத்தடி முழுவதும் அந்த அறைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. அவர்கள் பையன்களைப் போல ஏமாற்றி ஆடவில்லை. ஜெயிப்பதைவிட அவர்களுக்கு ஆடுவதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. ஒரு ஆட்டம் கோ-கோவில் ஒரு பெண் ஓடும்போது வாங்குகிற மூச்சு எப்படி இருக்கும் என்று அம்சத்துக்குத் தெரியும். இது அந்த அளவுக்கு வராது. ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் இருந்த உடம்புகள் அசைகின்றன. வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

மார்கழிக் கடைசியில் மைதானம் ஓரளவு காய்ந்தது. நெல் வருவதற்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நாட்கள். அம்சம் டீச்சர் எல்லாரையும் வெளியே கூப்பிட்டார். இர்ஃபானா நேராக வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் பின்னாலேயே போனார்கள். அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. பக்கத்தில் போய் நின்றார்.

"உள்ள அந்தக் குதி குதிச்ச. இங்க மட்டும் என்னடி வலி?"

"வயித்து வலி டீச்சர்."

"இர்ஃபானா."

அவள் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் ரோட்டுப் பக்கம் திருப்பினாள். பள்ளியின் சுற்றுச்சுவர் பல வருடங்களுக்கு முன்னால் ஒரு புயலில் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது வெறும் கம்பிவேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப், டீக்கடை, நிறுத்திவைத்த பைக்குகள், அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு நாலைந்து இளவட்டங்கள்.

"அங்க நிக்கிறாங்க டீச்சர்" என்றாள் மெதுவாக.

"நின்னா என்ன?"

"போன வருஷம் நான் ஓடுனத செல்லுல எடுத்துட்டாங்க. பாட்டுப் போட்டு எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. எங்க தெருவுக்கே வந்துச்சு. அத்தா துபாயிலேர்ந்து போன் பண்ணி, ஏன்மா அப்படி ஓடுறேன்னாங்க."

அம்சம் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். படம் எடுத்த அன்றைக்கும் தான் இதே மைதானத்தில்தான் நின்றிருக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. இத்தனை வருடங்களில் வேப்பமரத்தடியிலிருந்து ரோட்டைப் பார்த்ததே இல்லை. பிள்ளைகளைப் பார்த்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எப்போதும் நின்றிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ரெத்தினத்துக்குக் கோதுமை தோசை ஊற்றிக்கொண்டே, வழக்கம் போல, "விடியக்காலம் கொஞ்சம் நடந்தாத்தான் என்னங்க" என்றார்.

வழக்கமான பதிலே வந்தது. "ரோட்டுல எறங்குனா நாலு பேரு காலப் பாப்பான். எத்தன வெரல் போச்சு, எப்பப் போச்சும்பான். எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்ச மாதிரி பதில் சொல்லிக்கிட்டே நடக்கணும். நீ போ, ஒன் வேலையப் பாரு."

எத்தனையோ தடவை கேட்ட பேச்சு. சோம்பலுக்குச் சொல்கிற சாக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார். அன்றைக்கு மறுத்துப் பேசாமல் தோசையைத் திருப்பிப் போட்டார். கல்யாணம் ஆகி இத்தனை காலம் கழித்து, அந்த மனிதருக்கு வெட்கமும் இருந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவருக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த வருடம் புரட்டாசியில் குறுவை அறுப்பு நடக்கும்போதே மழை முந்திக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கி, நெல்லை வைக்க இடமில்லாமல் விவசாயிகள் ரோட்டோரத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். தலைமையாசிரியர் அம்சம் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மைதானத்தக் கேக்கறாங்க டீச்சர்."

"எப்பவும் தையிலதானே சார் குடுப்போம்?"

"இப்பக் குறுவைக்கும் கேக்கறாங்க. தண்ணி நிக்கிற நாள் போக வருஷம் பூராவுமே வச்சுக்கறோங்கறாங்க. எனக்கும் அது தப்பாத் தெரியல. நமக்குத்தான் உள்ளயே பி.டி. நடக்குதே. போன மாசம் பார்வையிட வந்த அதிகாரிகூட அத எவ்வளவு பாராட்டிட்டுப் போனாரு."

அம்சத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்கு மட்டும் என்று உள்ளே வந்த பெட்டி மைதானத்தை விழுங்கப் பார்க்கிறது. ஓடுகிற பையன்கள் என்ன செய்வார்கள்? பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டைச் சொடுக்குவார்கள்.

"மேலாண்மைக் குழுவுல வச்சுப் பேசலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்துக்கு முதல் நாள் தம்பி அண்ணாதுரை வீட்டுக்கு வந்தான். அவர்கள் குடும்பத்தில் கூலி வாங்காமல் சொந்தமாகச் சாகுபடி செய்த முதல் ஆள் அவன். மடத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போட்டிருந்தான். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"மூணு நாளா ரோட்டுல கெடக்குதுக்கா. இன்னும் ரெண்டு மழை அடிச்சா மொத்தமும் நாத்தாயிடும். ஒங்க பள்ளிக்கூட மைதானத்துலதான் இன்னும் தண்ணி ஏறல. நீ ஒரு வார்த்த சொன்னா ஹெச்.எம். கேப்பாரு."

"புள்ளைங்க விளையாடுற எடம்டா அது."

"புள்ளைங்க டிவியில வெளையாடுதாமே. ஊரே சொல்லுது."

ரெத்தினம் டிவிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அம்சத்தைப் பார்த்தார். அம்சம் கையிலிருந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலந்தான். யாரோ ஜெயித்துக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று இருந்துவிடலாம் போல இருந்தது. அப்படி இருந்து இருந்துதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்றும் தோன்றியது.

கூட்டம் ஸ்மார்ட் வகுப்பறையிலேயே நடந்தது. குழுவுக்குத் தலைவி ஆசியா, இர்ஃபானாவின் அம்மா. பெற்றோர்கள் சிலர், பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர், விவசாயிகள் பக்கம் பேச அண்ணாதுரையும் இன்னும் இரண்டு பேரும். தலைமையாசிரியர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள்.

ஆசியா முக்காட்டைச் சரி செய்துகொண்டு பேசினார். "எம்மவளுக்கு உள்ள ஆடுறதுதான் ஒத்துக்குது. இந்த டிவி வந்ததுக்கப்பறம் புள்ள நல்லாத் தூங்குது, பேசுது. அதனால மைதானத்தக் குடுங்கன்னு நான் சொல்லிட்டா லேசாப் போயிடும். ஆனா மத்த புள்ளைங்க ஓட வேணாமா? நெல்லு வீணாப் போறதையும் பாக்க முடியல. எனக்குச் சொல்லத் தெரியல டீச்சர். நீங்க சொல்லுங்க."

அம்சம் டீச்சர் மேசையில் கையை ஊன்றி எழுந்து நின்றார். ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. அதற்கப்பால் கம்பிவேலி, ரோடு, பஸ் ஸ்டாப்பு. வெறிச்சென்று எல்லாம் தெரிந்தது. வேலியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கண்ணால் அளந்தார்.

"மூட்டைய ரோட்டோரமா அடுக்கிக்கங்க" என்றார் அம்சம். "கம்பிவேலி நெடுக. அங்க மேடு, தண்ணி ஏறாது. நடு மைதானத்துக்கு வரக்கூடாது. கொட்டிக் காய வைக்கிறத மேலண்ட மூலையில வச்சுக்கங்க."

"நெடுக அடுக்கினா தார்ப்பாய் ரொம்பப் புடிக்குமேக்கா" என்றான் அண்ணாதுரை.

"போன தையில லாரி உள்ள வந்து சேத்துல எறங்கி, டிராக்டர் வச்சு இழுத்தீங்கல்ல? ரோட்டோரமா இருந்தா லாரி ரோட்டுல நின்னே ஏத்திக்கும். தார்ப்பாய் நீங்க பாத்துக்கங்க."

விவசாயிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். லாரிக்காரன் உள்ளே வரச் சண்டித்தனம் செய்வது அவர்களுக்கும் தலைவலியாகத்தான் இருந்தது. சரி என்றார்கள். வருஷம் முழுக்க என்ற பேச்சு அன்றைக்கு எழவில்லை. தலைமையாசிரியர் தீர்மானத்தை எழுதிக்கொண்டார். அம்சம் சொல்லாமல் விட்ட இன்னொரு காரணத்தை யாரும் கேட்கவில்லை.

மறுநாளே வேலை தொடங்கியது. கீழே கட்டைகளைப் போட்டு, சுமை தூக்குகிறவர்கள் மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றினார்கள். பஸ் ஸ்டாப்பு மறைந்தது. டீக்கடை மறைந்தது. பைக்குகள் மறைந்தன. ஆள் உயரத்துக்கு மேல் போனதும் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். ரோட்டில் போகிற பஸ்ஸின் கூரை மட்டும் மேலே தெரிந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அறைக்குப் போக வராந்தாவில் வரிசையாக நின்றபோது அம்சம் டீச்சர் சாவியை எடுக்கவில்லை. "கரண்ட் இல்ல" என்றார். உண்மையாகவே இல்லை. "வெளிய போங்க."

பெண்கள் தயங்கி நின்றார்கள். இர்ஃபானா படியில் இறங்கி, ரோட்டுப் பக்கம் பார்த்தாள். நீலமாக நீண்டு கிடந்த அடுக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி டீச்சரைப் பார்த்தாள். அம்சம் வேறு எங்கோ பார்ப்பது போல நின்றுகொண்டார்.

அவள் ஓடத் தொடங்கியது ஓட்டம் மாதிரியே இல்லை. படகு ஆட்டத்தில் குதிப்பது போல ஒரு எம்பு எம்பினாள், குத்துச்சண்டையில் வீசுவது போலக் கையை வீசினாள், பிறகு அப்படியே போய்க்கொண்டிருந்தாள். மேலண்டை மூலையில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். வேப்பமரத்தடி காலியாக இருந்தது.

அந்த வாரமே அம்சம் அவர்களைக் கோ-கோவுக்கு உட்கார வைத்தார். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. முதுகில் தட்டி "கோ" என்றதும் எழுந்து ஓட வேண்டும், திரும்பி வரக்கூடாது. இர்ஃபானா எழுவதற்குள் எதிராளி பாதி மைதானம் போயிருப்பாள். ஆனாலும் எழுந்தாள். பத்துத் தடவை தவறவிட்டு, ஒரு தடவை ஒருத்தியின் முதுகைத் தொட்டுவிட்டாள். தொட்டவள் நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

சொல்லிக்கொடுத்து, குனிந்து நிமிர்ந்து, ஓடிக் காட்ட முடியாததைக் கையால் காட்டி, அம்சம் டீச்சர் வீட்டுக்கு வரும்போது முழங்கால் பூரி மாதிரி உப்பியிருக்கும். வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வார்.

"இப்ப என்ன சந்தோஷமா ஒனக்கு?" என்று கேட்டார் ரெத்தினம்.

"அசதியா இருக்குங்க" என்றார் அம்சம்.

லாரிகள் சொன்ன நாளில் வரவில்லை. வாரக்கணக்கில் மூட்டைகள் அப்படியே நின்றன. அண்ணாதுரை தினமும் போன் பண்ணினான். "லாரி ஏதாவது வந்துச்சாக்கா?" வரவில்லை என்று சொல்லும்போது அம்சத்துக்குக் குற்ற உணர்வாக இருக்கும். அடுக்கிலிருந்த ஒவ்வொரு நாளும் நெல்லில் ஈரம் ஏறும், லாரி ஏறும் வரைக்கும் அது தம்பியின் பாடு. இன்னும் ஒரு வாரம் வராமல் இருந்தால் தேவலை என்று தன் மனசு ஒரு ஓரத்தில் நினைப்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும்? மழை வந்தால் குடையோடு போய்த் தார்ப்பாய்க் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

ஒரு திங்கட்கிழமை லாரிகள் வரிசையாக வந்தன. ரோட்டில் நின்றபடியே ஏற்றிக்கொண்டு போயின. மத்தியானத்துக்குள் டீக்கடை தெரிந்தது, சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாப்பும் முழுதாகத் தெரிந்தது. மறுநாள் பி.டி. பீரியடில் இர்ஃபானா வராந்தா விளிம்பு வரைக்கும் வந்தாள். நின்றாள். பைக்கில் சாய்ந்திருந்த ஒருவன் எதற்கோ சிரித்தான், அவளைப் பார்த்துத்தானா என்பது தெரியாது. அவள் திரும்பி வந்து, "சாவி குடுங்க டீச்சர்" என்றாள்.

அம்சம் எடுத்துக் கொடுத்தார். தைரியமா ஓடு என்றோ, யார் என்ன சொன்னால் என்ன என்றோ சொல்லவில்லை. தெருவில் நடக்கமாட்டேன் என்கிற ஆளோடு அவர் குடித்தனம் செய்கிறார்.

வேலி நெடுக மறைப்புக்குப் பச்சை வலையாவது கட்டித் தாருங்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். அவர் மேலே எழுதினார், பதில் வரவில்லை. ஜாஃபர் சாதிக் மறுபடி ஊருக்கு வந்தபோது, இன்னொரு டிவி வாங்கித் தருவதாகச் சொன்னார். அதற்குப் பதில் வலை கேட்டார் அம்சம்.

"வலையில எங்க டீச்சர் பேரு எழுதறது?" என்று அவர் சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். வலை வரவில்லை, டிவியும் வரவில்லை.

ஆனால் தையில் சம்பா வந்தது. யாரும் கூட்டம் போடவில்லை. முதல் வண்டி வந்ததுமே மூட்டைகளை ரோட்டோரமாக இறக்கினார்கள், போன தடவை அப்படித்தானே செய்தோம் என்று. மாசி வரைக்கும் பெண்கள் வெளியே ஆடினார்கள். லாரி வந்ததும் உள்ளே போனார்கள். அடுத்த குறுவைக்கும் அப்படியே நடந்தது. நெல் நிற்கிற காலம் வெளியே, மற்ற காலம் உள்ளே என்று அதுவே பள்ளியின் வழக்கமாகிவிட்டது. கேமராப் பெட்டி பழசாகிவிட்டது. திரையில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. பொம்மையின் கழுத்து இருக்குமிடத்தில் அந்தக் கோடு ஓடும். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இர்ஃபானா இப்போது பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குப் பி.டி. பீரியட் கால அட்டவணையில் மட்டும்தான் உண்டு. கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். அம்சம் டீச்சர் இரண்டு தடவை அந்த வகுப்பு வாசலில் போய் நின்று, "என் பீரியட் சார்" என்று கேட்டுப் பார்த்தார். ஒரு தடவை கிடைத்தது.

அவர் வரும் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் தை பாதியில் முதல் டிராக்டர் வந்து நின்றபோது, புதிதாக வந்த சுமைக்காரர் ஒருவர் வராந்தாவுக்கு வந்து, "எந்தப் பக்கத்துலேர்ந்து அடுக்கணும் டீச்சர்?" என்று கேட்டார்.

"பஸ் ஸ்டாப்பு பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க" என்றார் அம்சம்.

அடுக்கு இடுப்பு உயரம் வந்தது. அதற்கு மேல் இன்னும் நாலைந்து வரிசை ஏற வேண்டியிருந்தது. பைக்கில் சாய்ந்திருக்கிறவர்களின் தலைகள் நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தன. அதற்குள் எட்டாம் வகுப்புப் பெண்கள் சிலர் படியிறங்கி வந்து மைதானத்தில் நின்றுவிட்டார்கள். அம்சம் டீச்சர் அவர்களை உள்ளே போகச் சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு எடுக்கப் போனார்.